போதையால் போன உயிருக்கு அரசு நிவாரணம் உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

போதை மாத்திரைகளால் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் இழந்த குடும்பங்களுக்கு அரசு பணம் தருமா என்ற கேள்வி, நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பகுதியிலிருந்தும் பல வடிவங்களில் நமக்கு வந்திருக்கிறது. எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, அவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகன் தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்த்தான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டதில் சென்ற ஆண்டு இறந்துவிட்டான். மருமகளும் நான்கு வயதுப் பேத்தியும் என்னுடன்தான் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் சாராயம் குடித்து இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுத்தார்களே, மனு போட்டால் உங்களுக்கும் கிடைக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?
— ஒரு தாய், கோத்தகிரி வட்டம்

பதில்: அம்மா, சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போதைப்பொருளால் இறந்தவரின் குடும்பத்துக்கு இவ்வளவு தொகை தரவேண்டும் என்று சொல்லும் நிரந்தரத் திட்டம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை; மத்திய அரசின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு இல்லை. அந்தச் சட்டம் விற்றவரைத் தண்டிக்கிறது, உட்கொண்டவரையும் தண்டிக்கிறது, சிகிச்சை மையங்கள் அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. இறந்தவரின் வீட்டில் மிஞ்சியிருப்பவர்களைப் பற்றி அது எதுவும் பேசவில்லை.

கள்ளக்குறிச்சியில் நடந்தது வேறு. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாயும் சிகிச்சை பெற்றவர்களுக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறையும் வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் நடந்த சாராயச் சாவுகளுக்கும் இதே 10 லட்சம்தான் தரப்பட்டது. இவையெல்லாம் குறிப்பிட்ட ஒரு நிகழ்வுக்காக அரசு தானே முன்வந்து அறிவித்த நிவாரணங்கள்; அந்த அறிவிப்பைக் காட்டி வேறொரு குடும்பம் உரிமையாகக் கேட்க வழியில்லை. முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து உதவி கேட்டு நீங்கள் மனு எழுதலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், அதை மட்டும் நம்பி ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் அலைவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் சில தாள்களைப் பார்த்துவிடுங்கள்.

மகனின் வங்கிப் பாஸ்புக்கில் மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 436 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார் என்று பொருள். ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரையிலான அந்தக் காப்பீட்டுக் காலத்துக்குள், எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாள்களுக்குள் விபத்தல்லாத காரணத்தால் இறந்திருந்தால் மட்டும் கிடைக்காது. கழிக்கப்பட்டது 20 ரூபாய் என்றால் அது விபத்துக் காப்பீடு. போதையால் நேர்ந்த மரணத்தை விபத்தாக ஏற்க மறுக்கவே வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் வங்கிகளிலேயே குழப்பிக்கொள்கிறார்கள். ‘போதையில் இறந்தால் காப்பீடு கிடையாது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாமல், 436 ரூபாய்த் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கோரிக்கைப் படிவத்தைக் கொடுங்கள். மறுப்பதென்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

விடுதியில் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் செய்திருந்தார்களா என்பதையும் சம்பளச் சீட்டில் பாருங்கள். பணியில் இருக்கும்போதே இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு, வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டின் வழியாக அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருமகளுக்கும் குழந்தைக்கும் ஓய்வூதியமும் உண்டு. நீங்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமாக இருந்து, இறந்தவர் 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட வருவாய் ஈட்டுபவராக இருந்தால், தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தில் ஒருமுறை 20,000 ரூபாய் தரப்படுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மருமகள் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பேத்திக்கு, ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுங்கள். விதவைத் தாயின் குழந்தைகளும் அதற்குத் தகுதியுடையவர்கள், ஆனால் குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் தரப்படும் 2,000 ரூபாய், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் உரியது. தாய் நலமாக இருப்பதால் உங்கள் பேத்திக்கு அது பொருந்தாமல் போகலாம்.

விபத்துக் காப்பீட்டைத் தவிர, மேலே சொன்ன எதிலும் உங்கள் மகன் எப்படி இறந்தார் என்பது தகுதியைத் தீர்மானிக்கவில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருந்தால் போதும். ஊரார் முகத்துக்கு அஞ்சி இதுவரை வாரிசுச் சான்றிதழுக்கே விண்ணப்பிக்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிடுங்கள், அம்மா.

கேள்வி: உழைத்து வரி கட்டுகிறவர்களின் பணத்தை, சட்டவிரோதமாகப் போதை ஏற்றிக்கொண்டு இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஏன் தர வேண்டும்? நாளை இதையே எதிர்பார்த்து மற்றவர்களும் கெட்டுப்போக மாட்டார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

பதில்: ஐயா, இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கள்ளக்குறிச்சி நிவாரணத்தை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. 10 லட்சம் அதிகம் என்ற கருத்தை விசாரணையின்போது நீதிபதிகளே வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். மதுவிலக்கு நடப்பில் உள்ள பீகாரில், கள்ளச்சாராயத்தால் இறந்தவர்களுக்கு எதுவும் தர முடியாது என்று பிடிவாதமாக இருந்த அரசு, 2023 ஏப்ரலில் இறங்கி வந்து குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தது: சாராயம் எங்கே வாங்கப்பட்டது என்பதைக் குடும்பத்தினர் தெரிவிக்க வேண்டும், மதுவிலக்கை ஆதரிப்பதாக எழுதியும் தர வேண்டும். இதில் முதல் பாதி புத்திசாலித்தனமானது, ஏனென்றால் விற்றவரைப் பிடிக்க அது உதவும். கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் அரசின் கொள்கைக்கு ஆதரவுக் கையொப்பம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பணம் வரும் என்று எண்ணி எவரும் போதை ஊசி போட்டுக்கொள்வதில்லை. ஆகவே, கெட்டுப்போவார்கள் என்ற உங்கள் அச்சம் எனக்கு இல்லை. எனக்குள்ள குறை வேறு. ஒரே ஊரில் ஒரே வாரத்தில் நாற்பது பேர் இறந்தால் அமைச்சர்கள் வருகிறார்கள், விசாரணை ஆணையம் அமைகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. ஒரு மாதத்தில் ஒருவர் எருமாட்டில், அடுத்த மாதம் ஒருவர் அரவேணுவில், அதற்கடுத்து ஒருவர் பண்ணைக்காட்டில் என்று இறந்தால், அவை காவல் நிலையப் பதிவேட்டில் சந்தேக மரணங்களாகவே முடிந்துவிடுகின்றன. அப்பாவை இழந்த குழந்தைக்கு, அவரோடு அன்று இன்னும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதால் எந்த வேறுபாடும் இல்லை. அரசு தருவதாக இருந்தால் அதை ஒரு விதியாக எழுத வேண்டும். தொகையைக் குறைத்தாலும் பரவாயில்லை, அது குழந்தையின் பெயரில் வைப்பாகவும் மாதத் தொகையாகவும் போக வேண்டும், சாவின் எண்ணிக்கையைப் பார்த்துத் தரக்கூடாது என்பதே என் கருத்து. மொத்தமாகக் கையில் தரப்படும் பணம், அதே வீட்டில் அதே பழக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடம் போய்ச் சேரக்கூடும் என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் எழுதியுள்ள கவலையை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன்.

கேள்வி: என் தம்பியை மயங்கிய நிலையில் எல்லை தாண்டி வயநாட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்; போகும்போதே உயிர் போய்விட்டது. வெட்கத்தினால் நெஞ்சுவலி என்று சொல்லி, பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை வாங்கி வந்து அடக்கம் செய்துவிட்டோம். மாத்திரை யாரிடம் வாங்கினான் என்பது இப்போது தெரிய வந்திருக்கிறது. இனி வழக்குப் போட முடியுமா? இழப்பீடு கிடைக்குமா?
— ஒரு வாசகர், பந்தலூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் போலவே இன்னும் சில கடிதங்கள் வந்திருப்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஒரு சட்ட வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவாக வந்திருப்பது அதுதான். விண்ணப்பம் போக வேண்டிய இடம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கப்படாமல் வழக்கு விசாரணையே நடக்காவிட்டாலும்கூட, பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ விண்ணப்பிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பரிந்துரையோ விண்ணப்பமோ வந்தபின் விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால், இறந்தவர் ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்பது முதலில் நிலைநிற்க வேண்டும். விற்றவர்மீது போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் மட்டும் பதிவானால், உங்கள் தம்பி அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவராக வர மாட்டார். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல், அல்லது அதைவிடக் கடுமையான மரணம் விளைவித்த குற்றம், முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றால்தான் குடும்பத்துக்கு அந்தக் கதவு திறக்கும். விற்றவர் தண்டிக்கப்பட்டால், விதிக்கப்படும் அபராதத்திலிருந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொல்லி 395ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் ஆணையிடலாம்; அதற்கும் மரணத்தோடு தொடர்புடைய குற்றமே அடிப்படை.

அந்தக் குற்றத்தை நிறுவக்கூடிய முதன்மைச் சான்றைத்தான் நெஞ்சுவலி என்று சொன்னபோது இழந்திருக்கிறீர்கள். போதையால் இறந்ததாகச் சந்தேகம் இருந்தால், பிரேதப் பரிசோதனையில் இரைப்பையின் உள்ளடக்கம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு, இரத்தத்தைத் தனியாக எடுத்து, முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நீலகிரியிலிருந்து பொதுவாகக் கோவைக்குப் போகும். அறிக்கை வரும்வரை மருத்துவர் மரணத்தின் காரணத்தைக் குறிப்பிடாமல் நிறுத்தி வைப்பார். அது வர மாதக்கணக்கில் ஆகலாம். எந்த மருந்து உடலில் இருந்தது என்று சொல்லும் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால், விற்றவரின் வழக்கறிஞர் உங்கள் தம்பிக்கு இதயநோய் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு ஆதாரமாக உங்கள் வாக்குமூலத்தையே காட்டுவார்.

இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தகனம் செய்யாமல் அடக்கம் செய்திருப்பதால், நிர்வாக நடுவரின் உத்தரவின்பேரில் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நாள் கடக்கக் கடக்கப் பயன் குறையும் என்பதால், கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும். தம்பியின் கைப்பேசியை யாருக்கும் கொடுக்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல்களும், கூகுள் பே வழியாகப் போன முந்நூறு, ஐந்நூறு ரூபாய்ப் பரிமாற்றங்களும், தேதியோடும் பெயரோடும் அதில் இருக்கும். உயிர் பிரிந்தது கேரளத்தில் என்றாலும் மாத்திரை கைமாறியது பந்தலூரில் என்றால், உங்கள் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது அல்ல என்று சொல்லி எந்த நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. இறப்புச் சான்றிதழ் அங்கிருந்து வாங்க வேண்டியிருக்கலாம்; வாரிசுச் சான்றிதழ் பந்தலூர் வட்டாட்சியர்தான் தருவார்.

இன்னொன்றையும் நீங்கள் எதிர்பார்த்தே இறங்க வேண்டும். ‘விற்றவன்’ என்று நாம் எண்ணுகிறவர், பெரும்பாலும் கூட்டாகக் காசு போட்டு வாங்கி வந்த நண்பனாகவோ, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) அடுத்த வீட்டுப் பையனாகவோ இருப்பார். நாடுகாணியிலும் பாட்டவயலிலும் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மாத்திரையைக் கொண்டுவந்து சேர்த்தவர் வழக்கில் வராமல், தம்பிக்கு ஊசி பிடித்துக் கொடுத்த பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் சிறைக்குப் போகும் நிலையும் வரலாம். (தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளை அந்தச் சாவடிகளில் தேடி எடுக்கும் கவனத்தில் பாதி, மாத்திரை அட்டைகளின்மீதும் இருந்திருக்கலாம்.) புகாரில் அந்தப் பையனின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், அவனுக்கு மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரிக்கக் கோரி எழுதுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் தாயார் பெயரில் விண்ணப்பித்தால் வழக்கறிஞர் செலவு இருக்காது. தொலைபேசியில் கேட்க 15100.

கேள்வி: அமெரிக்காவில் வலி மாத்திரைக் கம்பெனியே இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கோடிக்கணக்கில் தருகிறது என்று படித்தேன். இங்கே மாத்திரை செய்கிற கம்பெனிகளிடம் அப்படிக் கேட்க முடியாதா?
— கல்லூரி மாணவி, உதகமண்டலம்

பதில்: நீங்கள் படித்தது பர்டூ பார்மா நிறுவனத்தைப் பற்றியதாக இருக்கும். ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை அடிமைப்படுத்தும் தன்மை குறைந்ததுபோலக் காட்டி விற்ற அந்த நிறுவனம், வழக்குகள் குவிந்ததால் 2019இல் திவால் மனு கொடுத்தது. அதன் உரிமையாளர் குடும்பத்தை எதிர்கால வழக்குகளிலிருந்து காப்பாற்றிய முதல் தீர்வுத் திட்டத்தை 2024 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் நிராகரித்தது. பிறகு உருவான 740 கோடி டாலர் திட்டத்தை 2025 நவம்பரில் திவால் நீதிமன்றம் ஏற்றது. அதில் பெரும்பங்கு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் போகிறது. தனிநபர்களுக்கென ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 86 கோடி டாலர்தான். அதையும் பெற, இறந்தவருக்கு அந்த மாத்திரை மருத்துவரால் எழுதித் தரப்பட்டது என்பதற்குப் பல்லாண்டுக்கு முந்தைய ஆதாரம் காட்ட வேண்டும். தெருவில் வாங்கிய ஹெராயினாலோ ஃபென்டனிலாலோ பிள்ளையை இழந்து, பழைய மருந்துச் சீட்டையும் தொலைத்துவிட்ட பெற்றோருக்கு எதுவும் இல்லை. அரசு தந்த இழப்பீடு என்று அதைச் சொல்லவும் முடியாது.

இங்கே நிலைமை இன்னும் கடினம். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 27(அ) பிரிவில் ஒரு நல்ல விதி இருக்கிறது: கலப்பட மருந்தோ போலி மருந்தோ மரணத்தை விளைவித்தால், குறைந்தது 10 ஆண்டுச் சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கப்பட வேண்டும், அந்த அபராதமே இறந்தவரின் உறவினருக்கு இழப்பீடாகத் தரப்பட வேண்டும். ஆனால், நம் இளைஞர்கள் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் டபெண்டடால் போன்ற வலி மாத்திரைகள் பெரும்பாலும் முறையாகத் தயாரிக்கப்பட்டு, முறையின்றி விற்கப்பட்டவை. மருந்தில் கலப்படம் இல்லாததால் அந்த விதி கைகொடுக்காது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018இலேயே போதைப்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டதும், விற்பவர்கள் டபெண்டடாலுக்கு மாறிக்கொண்டார்கள். அது நீண்டகாலம் அந்தப் பட்டியலுக்கு வெளியிலேயே இருந்தது.

கண்காணிக்க வேண்டிய அரசு தவறியது என்று நிறுவ முடிந்தால் அரசே தர வேண்டியிருக்கும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜம்மு பகுதியில் உள்ள ராம்நகரில் 2020 தொடக்கத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தபோது, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் வீதம் தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. அதை எதிர்த்து நிர்வாகம் உச்சநீதிமன்றம் வரை போயும் பயனில்லை. மருந்துச் சீட்டில்லாமல் தொடர்ந்து விற்ற ஒரு கடையைப் பற்றிப் பலமுறை எழுத்தில் புகார் கொடுத்தும் மருந்து ஆய்வாளர் அசையவில்லை, அதன்பின் ஒரு மரணம் நேர்ந்தது என்றால், அதே வாதத்தை இங்கேயும் வைக்கலாம். எழுதிய புகார்களும் அவற்றுக்கான ஒப்புகைகளும்தான் அதற்கு உயிர்.

கேள்வி: வட்டக்கானல் பக்கம் தங்குமிடம் நடத்துகிறேன். போதைக் காளான் தின்றுவிட்டு வரும் சுற்றுலாப் பயணிகளில் யாராவது எங்கள் இடத்தில் இறந்தால், நாங்கள் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டியிருக்குமா? போலீசுக்குப் பயந்து 108ஐ அழைக்கவே தயக்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: அந்தக் காளானில் உள்ள சைலோசைபின் என்ற வேதிப்பொருள், போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, தெரிந்தே அதற்கு இடம் கொடுப்பது 25ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் நடந்தால் அந்தக் குற்றம் உங்கள்மீது நிற்காது. ஆனால், ஒருவர் நிலைகுலைந்து கிடப்பதைப் பார்த்தும் அழைக்காமல் விட்டு, அவர் இறந்துபோனால், அலட்சியம் என்ற குற்றச்சாட்டும் இழப்பீட்டு வழக்கும் உங்களை நோக்கி வர அதுவே காரணமாகும். வேறு நச்சுக் காளானைத் தவறாகத் தின்றிருந்தால் கல்லீரல் கெடுவது ஓரிரு நாள் கழித்தே வெளியில் தெரியும். ஆகவே, தெளிந்துவிட்டார் என்று அனுப்பிவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், மீதமிருக்கும் காளானையும் கொடுத்தனுப்புங்கள். மாத்திரையோ ஊசியோ என்றால், உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு இழுத்து இழுத்து வரும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்குச் சொல்லும்போதே என்ன உட்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுங்கள், மாற்று மருந்தான நலாக்சோனை நேரத்தோடு கொடுக்க முடியும். பழக்கத்துக்கு அடிமையாகித் தானாகச் சிகிச்சைக்கு வருபவரை வழக்கிலிருந்து விடுவிக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி இருப்பதையும், 14446 என்ற மறுவாழ்வு உதவி எண்ணையும், உங்கள் வரவேற்பு மேசையில் விருந்தினர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.